தந்தையின் ஆண்டு வருமானம்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? முக்கியமாகக் கண்? வெல்டிங் வைக்கும்போது முகமூடியைத் தூக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்ப்பீர்கள். சொன்னால் கேட்க மாட்டீர்கள். இப்போது அந்தப் பழக்கம் மாறியிருக்கலாம். எனக்குத் தெரியாது.

இந்த முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பீர்கள். உங்கள் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டும் தம்பி விடுமுறையில் வந்திருந்தார். தன் அம்மாவை எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். நான் இப்போது அங்கே சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியாதல்லவா? விரிப்புகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போனபோது அடையாளம் கண்டுகொண்டு பேசினார். முகவரி கேட்டேன். எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “அண்ணனுக்கு அங்க பொறுப்பு கொஞ்சம் கூடிப்போச்சு அண்ணி” என்றார். என்ன பொறுப்பு என்று நான் கேட்கவில்லை. லிப்ட் வந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது கேட்க வேண்டிய அவசியமும் இல்லை என்று புரிந்தது. அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. இது வேறு விஷயம்.

பாப்பாவுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கப் படிக்கக் கூடாதா என்று கேட்டேன். “மாடு பொய் சொல்லாதும்மா” என்றாள். உங்கள் வாய் அப்படியே வந்திருக்கிறது. உயரமும் உங்களைப் போல. கதவு நிலையில் தலை இடிக்காத குறைதான்.

கல்லூரிக் கட்டணம் என் சம்பளத்துக்கு எட்டாது. அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவள் பள்ளி ஆசிரியை சொன்னார். விண்ணப்பத்தில் தந்தையின் ஆண்டு வருமானம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. வேலை செய்யும் இடத்திலிருந்து சம்பளச் சான்று வைக்க வேண்டும், தந்தை கையெழுத்தும் போட வேண்டும். தந்தையிடமிருந்து எந்த ஆதரவும் இல்லாத குடும்பங்களுக்கு வேறொரு படிவமும் இருக்கிறதாம். அது வேண்டுமா என்று கவுன்ட்டரில் இருந்த அம்மா கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் உங்களிடம் கேட்பது இரண்டே இரண்டுதான். சம்பளச் சான்று ஒன்று. நான் பென்சிலால் குறி போட்டிருக்கும் இடத்தில் உங்கள் கையெழுத்து ஒன்று. சம்பளம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் பங்கு கேட்பாளோ என்று பயப்பட வேண்டாம். வேண்டுமானால் தொகை இருக்கும் பக்கத்தை நான் பார்க்காமல் பாப்பாவையே ஒட்டச் சொல்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் கிடைத்தால் போதும்.

இன்னொன்று. நம் தெருவில் உங்கள் பெயர் கெடவில்லை. போன் வருவதில்லையே என்று கேட்டவர்களிடம், கடலுக்குள் போய் வேலை, சிக்னல் கிடைக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாப்பாவிடமும் அதுதான். ஆண்டுக் கடைசியில் நீங்கள் அனுப்பியதாகத் தெருவில் எல்லோருக்கும் வெளிநாட்டு மிட்டாய் கொடுப்பேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் கிடைக்கிறது. விலைச் சீட்டை வெந்நீரில் நனைத்தால் தடம் இல்லாமல் வந்துவிடும். மாடி வீட்டு அக்காவுக்கு ஒரு முறை சென்ட் பாட்டிலும் கொடுத்தேன். உங்கள் கை தாராளம் என்று எல்லோருக்கும் எண்ணம். அதனால் நீங்கள் எப்போது வந்தாலும் தலை நிமிர்ந்து தெருவில் நடக்கலாம். இதை உங்களுக்குச் சொல்லி வைக்கலாம் என்று தோன்றியது.

கையெழுத்தை மட்டும் மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

என் கடிதம் வந்து சேர்ந்தது என்று தெரியும். கையெழுத்துப் போட்டு வாங்கும்படிதான் அனுப்பியிருந்தேன். வாங்கிய சீட்டு திரும்பி வந்தது. அதில் இருந்தது உங்கள் கையெழுத்துதான். அந்தக் கையெழுத்தை இன்னொரு தாளில் போட உங்களுக்கு என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

மாதக் கடைசி வரை பார்த்தேன். பிறகு வேண்டாம் என்று சொன்ன அந்த இன்னொரு படிவத்தைக் கேட்டு வாங்கப் போனேன். மாணவியும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றதால் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் பேசி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். உள்ளே ஒரே கூட்டம். அவளும் என் பின்னாலேயே வந்து நின்றுவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே அம்மா. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். வெளிநாட்டில் என்றேன். பணம் அனுப்புகிறாரா என்றார். இல்லை என்றேன். காதில் விழவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், இங்கே மின்விசிறி சத்தம் என்றார். மறுபடியும் சொன்னேன். எத்தனை வருடமாக என்றார். நாலு வருடம் என்றேன். கடைசியாக எப்போது பேசினார் என்றார். அதுவும் நாலு வருடம். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் கேட்டார். முகத்தில் இளக்காரம் இல்லை. ஆனால் என் பின்னால் வரிசையில் இருந்தவர்கள் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாப்பா என் தோளுக்கு மேலே கையை நீட்டிப் பேனாவை வாங்கி, தன் கையெழுத்தைப் போட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருக்கலாம். பாதி வழியில், “அப்பா அனுப்பினாருன்னு கொடுத்த அந்த நீல ஸ்வெட்டரும் நீ வாங்கினதுதானா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

“சிக்னல் இல்லன்னு நீ சொன்னப்பவே எனக்குப் பாதி தெரியும்மா. ஆனா ஸ்வெட்டரை நம்பினேன். அவ்வளவு கச்சிதமா இருந்துச்சே. என் அளவு அவருக்கு எப்படித் தெரியும்னு அப்பவே யோசிச்சிருக்கணும்.”

அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அந்தக் கவுன்ட்டரில் இன்னும் நூறு பேர் முன்னால் நின்று சத்தமாகச் சொல்லியிருக்கலாம் போலிருந்தது.

இதோடு முடிந்திருந்தால்கூட இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். படிவத்தில் சொன்னது உண்மையா என்று பார்க்க ஒரு அலுவலர் தெருவுக்கு வந்தார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அன்று இஸ்திரி போடும் உருளை இயந்திரம் ரிப்பேர், விரிப்புகளையெல்லாம் கையாலேயே தேய்த்துக்கொண்டிருந்தோம். வந்தவர் மாடி வீட்டு அக்காவைக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு நம் மேல் எவ்வளவு பிரியம் என்று உங்களுக்குத் தெரியும். விண்ணப்பம் என்றால் குடும்பத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வது போலச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் தங்கமான மனுஷர், வருடம் தவறாமல் சாமான் அனுப்புவார், பிரிஜ் கூட அவர் அனுப்பியதுதான் என்று. அந்தப் பிரிஜ்ஜை நான் இரண்டாம் கையாக வாங்கி இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். போதாததற்கு உள்ளே போய் சென்ட் பாட்டிலை எடுத்து வந்து காட்டியிருக்கிறார். தெருமுனை மளிகைக்கடைக்காரரும் மிட்டாயைச் சொல்லியிருக்கிறார். தன் பேரன் இன்னும் அந்த டப்பாவில்தான் கோலிக்குண்டு வைத்திருக்கிறான் என்றாராம்.

மாலை நான் வந்ததும் அக்கா மாடிப்படியிலேயே நிறுத்தி, “கவலைப்படாதே, நான் ஒரு குறையும் வைக்காம சொல்லியிருக்கேன்” என்றார். நானும் ரொம்ப நன்றி அக்கா என்றேன். வேறென்ன சொல்ல?

விண்ணப்பம் தள்ளுபடி. தந்தையிடமிருந்து தொடர்ந்து உதவி வருவதாக விசாரணையில் தெரிய வந்ததால், என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். யாரையும் நான் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் எல்லோரும் நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் ஒப்பித்தார்கள். நான் நல்ல வாத்தியார்.

மேல்முறையீட்டுக்கு இடம் இருக்கிறது. முன்பு சொன்னது தவறு என்று அக்கம்பக்கத்தார் இருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இன்று காலை இரண்டு முறை மாடிப்படி வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது முறை துணி காயப்போட வந்தது போல ஒரு ஈரத்துண்டை வேறு கையில் வைத்திருந்தேன்.

உங்கள் சம்பளச் சான்று வந்திருந்தால் இந்தப் படியை நான் ஏற வேண்டியதில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். பாப்பா கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

கடைசியில் மாடிப்படி ஏறினேன். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர், அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், வாசல் பக்கம் உட்கார்ந்து ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார். அவர் எழுந்து போவார், அப்புறம் சொல்லலாம் என்று காத்திருந்தேன். போகவில்லை. அதனால் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். மிட்டாய், சென்ட், பிரிஜ், ஸ்வெட்டர், சிக்னல். ஒவ்வொன்றாக. மனப்பாடம் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது.

அக்கா அழுவார், என்னைத் தேற்றுவார் என்று மனதுக்குள் எங்கேயோ எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அக்காவுக்கு வந்தது கோபம். கத்தியைக் கீழே வைத்தார்.

“உன் வீட்டுக்காரரைச் சொல்லிச் சொல்லித்தானே நான் இவரை இத்தனை வருஷமா ஏசினேன். அங்க போயும் அந்த மனுஷன் வீட்டை மறக்கல, நீங்க பக்கத்துலயே இருந்து என்ன வாங்கிக் கொடுத்தீங்கன்னு. எத்தனை நாள் இவர் சாப்பிடாம எழுந்து போயிருக்கார் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. சத்தியமாக அது என் புத்தியில் தோன்றவே இல்லை. என் வீட்டு மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது மாடியில் இன்னொரு மனிதரின் தட்டில் போய் விழுந்திருக்கிறது. உங்களைப் பற்றிச் சொல்லும்போது வராத கூச்சம் அப்போது வந்தது. அந்த அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கையில் இருந்த ஃபேன் றெக்கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அன்றைக்கு அப்படிச் சொல்லிவிட்டு இன்றைக்கு இப்படி எழுதினால் அந்த ஆபீசர் தன்னைப் பொய்க்காரி என்று நினைக்க மாட்டாரா என்று கேட்டார். நியாயம்தான். நான் திரும்பினேன். அந்த அண்ணன்தான் கூப்பிட்டார். கையிலிருந்த கிரீசை ஒரு பழைய பனியனில் நிதானமாகத் துடைத்தார். “எங்க போடணும்னு காட்டும்மா” என்றார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். “படிக்கிற பொண்ணு, விடு” என்று அவர் சொன்னதும் அடங்கிவிட்டார். எழுத்துக்கூட்டி, முழுப் பெயரையும் போட்டார். மை காயும் வரை தாளைக் கையிலேயே வைத்திருந்து கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மளிகைக்கடைக்காரரிடம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. இரண்டாம் தடவை சொல்லும்போது வாய் பழகிவிடுகிறது. அவரும் போட்டுக் கொடுத்தார். போட்டுவிட்டு, தெருவில் இனிமேல் யாராவது உங்களைப் பற்றிக் கேட்டால் தான் என்ன சொல்ல வேண்டும் என்று என்னையே கேட்டார். உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். சிலர் அதிகமாகச் சிரித்துப் பேசுகிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. வேலைக்குப் போகப் பின் சந்து வழியை எடுத்துக்கொண்டேன். பாப்பா அதைக் கவனித்துவிட்டு, “நான் நேர் வழியாத்தாம்மா போவேன்” என்றாள். இப்போது நானும் நேர் வழியாகத்தான் போகிறேன். தலையை நிமிர்த்திக்கொண்டு என்று சொல்ல மாட்டேன். போகிறேன், அவ்வளவுதான்.

மேல்முறையீடு ஏற்கப்பட்டது. படிப்பு முடியும் வரை ஒவ்வொரு வருடமும் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அவர்களே கட்டுவார்கள். ஒவ்வொரு வருடமும் நாங்கள் நிலைமையை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இனி நீங்கள் செய்ததற்கு வருகிறேன்.

போன வாரம் மளிகைக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். அவர் இதுவரை நம் வீட்டு வாசலை மிதித்ததில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தலாமா என்று கேட்டார். அவர் கடையில் இப்போது வெளிநாட்டுப் பணம் வாங்கிக் கொடுக்கும் வேலையும் நடக்கிறது. காலையில் கம்ப்யூட்டரில் என் பெயர் வந்திருக்கிறது. அனுப்பியவர் இடத்தில் உங்கள் பெயர். நீங்கள் எதுவும் அனுப்புவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அதே மனிதரின் கடைக்கே நீங்கள் பணம் அனுப்பியிருக்கிறீர்கள்.

அவர் கோபப்படவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் மறுபடியும் அவரிடம் விளையாடிவிட்டேனோ என்ற பார்வை. பிறகு குரலைத் தாழ்த்தி, “யார்கிட்டயும் சொல்லல. வந்து வாங்கிக்கிட்டுப் போங்க. நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாத மாதிரி இருந்துடலாம்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

எனக்கு ஆசை இல்லை என்று பொய் எழுத மாட்டேன். பாப்பாவுக்குத் தொழுவத்தில் போட முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் வேண்டும், வெள்ளைக் கோட்டு இரண்டு வேண்டும். அதெல்லாம் உதவித்தொகையில் வராது. உங்கள் பணம் என்பதற்காகவும் ஆசையாக இருந்தது. நாலு வருடத்துக்குப் பிறகு உங்கள் பெயரை யாரோ ஒருவர் வந்து என்னிடம் நல்ல செய்தியாகச் சொன்னார். அதுவும் நானே இட்டுக்கட்டாத செய்தி.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதே கண்ணாடி, அதே அம்மா. விஷயத்தைச் சொன்னேன். வந்து சொல்லியிருக்க வேண்டியதில்லை, பலர் சொல்வதில்லை என்றார். ஒரு தடவை வந்ததை வருமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். தொடர்ந்து வந்தால் அடுத்த வருடம் உதவி நின்றுவிடுமாம். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“இனிமே மாசாமாசம் அனுப்புவாராம்மா?”

அனுப்புவார் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அனுப்ப மாட்டார் என்று சொல்லவும் வரவில்லை. பின்னால் நிற்பவர்கள் கேட்கிறார்களா என்றுகூட அன்றைக்கு நான் பார்க்கவில்லை. அந்த அம்மா, பரவாயில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

இந்த முறை பாப்பாவிடம் எதையும் மறைக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் விடுதியிலிருந்து வந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன செய்யட்டும் என்று கேட்டேன். உன் இஷ்டம்மா என்றாள். பிறகு, “பணத்தோட ஏதாச்சும் எழுதியிருந்தாரா?” என்று கேட்டாள். போய்க் கேட்டுவிட்டு வந்தேன். செய்தி எழுத ஒரு இடம் இருக்கிறதாம். அது காலியாக இருந்தது என்றார் கடைக்காரர்.

பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன் அது உங்களிடம் வந்திருக்கும். கோபத்தில் செய்ததாக நினைக்காதீர்கள். கோபமெல்லாம் போன கடிதத்தோடு முடிந்துவிட்டது. என் இரண்டு கடிதங்களையும் படித்துவிட்டு, எங்கேயாவது தனியாக உட்கார்ந்திருந்துதான் அனுப்பியிருப்பீர்கள். உங்களுக்கும் அது எளிதாக இருந்திருக்காது. உங்களுக்கு அங்கே இருக்கும் செலவில் அதை எடுத்து வைப்பது எவ்வளவு கஷ்டம் என்றும் என்னால் ஊகிக்க முடிகிறது. ஆனால் நம் பெண்ணின் படிப்பு, உங்களிடமிருந்து எதுவும் வருவதில்லை என்று போட்ட கையெழுத்தின் மேல் நிற்கிறது. அரசாங்கம் வருடா வருடம் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. உங்களிடம் அதை எழுதி வாங்க எனக்குத் தெம்பில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் படித்து முடிக்கும் வரை பணம் அனுப்பாதீர்கள். இப்படி ஒரு மனைவி எழுதும்படி ஆகிவிட்டதே என்று எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

விடுதி முகவரியைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அவளுக்கு ஒரு கடிதம் போடுங்கள். பெரிதாக எதுவும் வேண்டாம். விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம், அங்கே வெயிலா மழையா என்று எழுதினாலும் போதும். கடிதத்தை யாரும் வருமானத்தில் சேர்க்க மாட்டார்கள்.

கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நன்றாக இருங்கள். அங்கே உங்களோடு இருப்பவர்களும், சின்னக் குழந்தை ஏதும் இருந்தால் அதுவும், நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா